ஒரு நர்சரி பக்கத்தில் இன்னொரு நர்சரியின் போன் நம்பர்: சப்டொமைன் வேரியபிள்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சந்தூர் பக்கம் மாங்கன்று வாங்கப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே நர்சரிக்குப் பஞ்சமே இல்லை. பெங்களூரா, செந்தூரா, மல்கோவா, இமாம் பசந்த் என்று எது கேட்டாலும் ஒட்டுக்கன்று கிடைக்கும், ஒரு இடத்தில் இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும். கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு சின்னக் குழு இந்த நர்சரிகளுக்கும் போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்து நர்சரிகளுக்கும் ஆளுக்கொரு சப்டொமைன் (பொது டொமைன் பெயருக்கு முன்னால் நர்சரி பெயரைச் சேர்த்த முகவரி) போட்டு இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தது. கன்றுகளின் படம், விலை, வாட்ஸ்அப் நம்பர், வழி காட்டும் வரைபடம், அவ்வளவுதான் பக்கம். நாற்பதுக்கும் மேல் நர்சரிகள். டொமைன் பெயரைச் சொல்லப் போவதில்லை, எக்ஸாம்பிள்.காம் என்றே வைத்துக்கொள்வோம். 1999இல் வந்த ஆர்எஃப்சி 2606 என்ற இணைய விதி ஆவணம் அந்தப் பெயரை இந்த மாதிரி விளக்கங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது.

ஆடி பிறக்கப் போகிற நேரம், கன்று வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். ஒரு நர்சரிக்காரர் குழுவில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்து, "என் பக்கத்தைத் திறந்தா வேற ஆளோட நம்பர் வருதுப்பா, வர்ற கஸ்டமர் எல்லாம் அவருக்குத்தான் போன் போடுறாங்க" என்றார். அதன் பிறகு இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். தம்பி என்னைக் கூப்பிட்டார். "ணா, கான்ஃபிக் டெஸ்ட் எல்லாம் ஓகேன்னுதான் வருது, ஆனா எல்லா கடையும் ஒரே கடையா தெரியுது."

முதலில் அந்த சர்வரில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு உபுண்டு சர்வர், முன்னால் என்ஜின்எக்ஸ் (வரும் கோரிக்கைகளை வாங்கிப் பக்கத்தை அனுப்பும் வெப் சர்வர் மென்பொருள்), பக்கங்களுக்கு பிஎச்பி, விலைப்பட்டியலுக்கு மட்டும் தனியாக 8001 போர்ட்டில் ஓடும் ஒரு பைத்தான் நிரல். ஒவ்வொரு நர்சரிக்கும் ஒரு கான்ஃபிக் (அமைப்பு) கோப்பு, அதில் ஒரு சர்வர் பிளாக், அதாவது ஒரு தளத்துக்கான அமைப்புப் பகுதி. எல்லாக் கோப்பும் ஒரே அச்சு. பெயர், ஃபோல்டர், லாக் கோப்பு, கேஷ் பகுதி (பதில்களின் பிரதியைச் சேமித்து வைக்கும் இடம்) என்று நாலு இடம்தான் வேறு. புது நர்சரி வந்தால் பழைய கோப்பைக் காப்பி செய்து நாலு இடத்தையும் மாற்றுவார்கள், மூன்றை மாற்றிவிட்டு நாலாவதை விட்டுவிடுவார்கள். இதை ஒரே பிளாக்காக்க வேண்டும் என்று தம்பிக்குத் தோன்றியதில் தவறே இல்லை.

டாலர் குறி போட்டும் வேலை செய்யாத இடம்

அவர் செய்தது இதுதான். நாற்பது கோப்புகளையும் எடுத்துவிட்டு (தனி அமைப்பு வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு) புதிதாக ஒரு பிளாக் எழுதி, அதில் இப்படி ஒரு வரி. வேரியபிள் பெயர்களை இங்கே படிக்க வசதியாகத் தமிழில் போடுகிறேன், உண்மையான கோப்பில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் செல்லும்.

சர்வர்_நேம் $கடை.எக்ஸாம்பிள்.காம்;

சர்வர்_நேம் என்பது இந்த பிளாக் எந்தப் பெயருக்கு என்று சொல்லும் வரி, டாலர் குறியோடு வருவது வேரியபிள். அந்த வரிக்கு மேலே செட் கட்டளையால் $கடைக்கு ஒரு மதிப்பு. பக்கங்கள் இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் ரூட் வரியிலும் லாக் வரியிலும் அதே $கடை. நிரல் எழுதிப் பழகியவருக்கு இது சரியாகத்தான் தெரியும். என்ஜின்எக்ஸின் சோதனையும் "சரி" என்றே சொல்லும், ஒரு எச்சரிக்கை கூட வராது. சோதனை ஓகே சொன்னதும் ரீலோட் செய்துவிட்டார்கள். யாராக இருந்தாலும் செய்வார்கள்.

சர்வர்_நேம் வரியில் வேரியபிள் விரியாது. விதிவிலக்கு $ஹோஸ்ட்நேம் என்ற ஒன்று மட்டும், 0.9.4 பதிப்பிலிருந்து அதை அங்கே தனியாக எழுதலாம், அந்த இயந்திரத்தின் பெயர் அங்கே வந்து உட்காரும். மற்றபடி டாலர் போட்டு என்ன எழுதினாலும் அது வெறும் எழுத்து. அதாவது இந்த பிளாக் உண்மையிலேயே டாலர் குறியோடு தொடங்கும் ஒரு ஹோஸ்ட் பெயருக்காக (பிரௌசரில் அடிக்கும் தளப் பெயர்) காத்துக்கொண்டிருந்தது. எந்த பிரௌசரும் அப்படி ஒரு பெயரை அனுப்பாது.

இதற்குக் காரணம் வேலை நடக்கும் வரிசை. ஒரு கோரிக்கை வந்ததும், அதில் உள்ள ஹோஸ்ட் பெயரை வைத்து எந்த சர்வர் பிளாக் என்பதை என்ஜின்எக்ஸ் முதலில் முடிவு செய்கிறது. செட் கட்டளை ஓடுவது அதற்குப் பிறகு, தேர்வான பிளாக்குக்கு உள்ளே. பிளாக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரத்தில் அந்த வேரியபிளுக்கு மதிப்பே கிடையாது. பெயர்களின் பட்டியல் சர்வர் கிளம்பும்போதே ஹாஷ் அட்டவணையாகக் கட்டப்பட்டுவிடுகிறது, அப்போது கோரிக்கை என்று ஒன்று வந்திருக்கவே இல்லை.

சரி, பொருந்தவில்லை என்றால் பிழை வர வேண்டியதுதானே, ஏன் வேறு நர்சரி வந்தது? எந்தப் பெயரும் பொருந்தாவிட்டால் அந்த போர்ட்டின் டீஃபால்ட் சர்வருக்குப் போகும். டீஃபால்ட் என்று யாரையும் குறிக்கவில்லை என்றால் முதலில் எழுதப்பட்ட பிளாக்தான் டீஃபால்ட். நட்சத்திரம் போட்டு இன்க்ளூட் செய்த கோப்புகள் அகர வரிசையில் வாசிக்கப்படும், ஆகவே தம்பி விட்டுவைத்த இரண்டு மூன்று கோப்புகளில் ஆங்கில அகர வரிசைப்படி முதலில் நின்ற நர்சரிக்கு அன்று நல்ல வியாபாரம். அவர் மட்டும் புகார் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கான்ஃபிகைச் சுருக்க வேரியபிளை மாக்ரோ மாதிரி பயன்படுத்தாதீர்கள் என்று என்ஜின்எக்ஸின் அதிகாரப்பூர்வ கேள்வி-பதில் பக்கமே சொல்கிறது. வேரியபிள்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக மதிப்பிடப்படுகின்றன, அதற்குச் செலவு உண்டு, சும்மா எழுத்தைச் சுருக்கத்தான் வேண்டும் என்றால் செட் (இது அந்த செட் கட்டளை இல்லை, எழுத்தை மாற்றும் பழைய யூனிக்ஸ் கருவி), மேக் மாதிரி கருவிகளால் கோப்பை உருவாக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்கள் பதில். எனக்கும் அதே கருத்துதான். பத்துப் பெயர் வரை, அதுவும் ஒவ்வொன்றுக்கும் அமைப்பு வேறு வேறு என்றால், வார்ப்புரு ஒன்றிலிருந்து கோப்புகளைப் பிறப்பித்துக்கொள்வதே நிம்மதி. இங்கே நாற்பதும் ஒரே அச்சு, வாரத்துக்கு ஒரு புது நர்சரி வருகிறது, அதனால் வேரியபிள் பொருத்தமே. ஆனால் அது போக வேண்டிய திசை எதிர்த் திசை.

பெயரிலிருந்து வேரியபிள்

நாம் வேரியபிளைப் பெயருக்குள் வைக்க முடியாது, வந்த பெயரிலிருந்து வேரியபிளை எடுக்க முடியும். சர்வர்_நேம் வரியை ~ குறியோடு தொடங்கினால் அது ரெஜெக்ஸ் (எழுத்துகள் எப்படி அமைய வேண்டும் என்று விவரிக்கும் மாதிரி) ஆகிவிடும், அதற்குள் பெயரிட்ட அடைப்பு ஒன்று வைத்தால் அந்தப் பெயரிலேயே வேரியபிள் பிறக்கும். இது 0.8.25 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

சர்வர்_நேம் ~^(?<கடை>[…]+)\.எக்ஸாம்பிள்\.காம்$;

சதுர அடைப்புக்குள் ஆங்கிலச் சிற்றெழுத்துகள், எண்கள், நடுக்கோடு. அதற்கு மேல் எதையும் அனுமதிக்க வேண்டாம். சில இடங்களில் புள்ளி-பிளஸ் (எந்த எழுத்தும் எத்தனை வேண்டுமானாலும் வரலாம்) என்று போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அப்போது சப்டொமைனுக்குள் சப்டொமைன் வந்தாலும் உள்ளே போகும், $கடையில் புள்ளியோடு ஒரு பெயர் வந்து உட்காரும். தொடக்கத்தில் ^, கடைசியில் $ இரண்டும் கட்டாயம், இல்லாவிட்டால் நடுவில் எங்கே பொருந்தினாலும் பொருந்தியதாகிவிடும். புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு போடாவிட்டால் அந்தப் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும். நீளத்தைக் கட்டுப்படுத்த இரண்டு முதல் முப்பது வரை என்று நெளி அடைப்பு போட்டால் முழு ரெஜெக்ஸையும் மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் அந்த நெளி அடைப்பைப் பிளாக்கின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு அரைப்புள்ளியைக் காணோம் என்று சத்தம் போடும்.

தேர்வு வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் முழுப் பெயர் அப்படியே பொருந்துகிறதா என்று பார்க்கும். அப்புறம் நட்சத்திரத்தில் தொடங்கும் பெயர்களில் மிக நீளமானது, அதற்குப் பிறகு நட்சத்திரத்தில் முடிகிறவற்றில் மிக நீளமானது, கடைசியாகத்தான் ரெஜெக்ஸ், அதுவும் கோப்பில் எழுதிய வரிசைப்படி முதலில் பொருந்துவது. யாரோ எப்போதோ எழுதிவைத்த நட்சத்திர பிளாக் ஒன்று மறைந்து கிடந்தால் உங்கள் ரெஜெக்ஸுக்கு முறையே வராது. கோப்பு கோப்பாகத் தேடுவதற்குப் பதில் என்ஜின்எக்ஸ் கட்டளையில் பெரிய டி (-T) போட்டுச் சோதித்தால் இன்க்ளூட் செய்த அத்தனையும் சேர்த்து முழு கான்ஃபிகையும் கொட்டிக் காட்டும், அதில் சர்வர்_நேம் வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்.

தம்பி இதற்குள் எங்கோ பார்த்து, பெயரில்லாத அடைப்பு போட்டு ரூட் வரியில் $1 (முதல் அடைப்பில் பிடிபட்ட எழுத்து) என்று எழுதியிருந்தார். படங்கள் வந்தன, சிஎஸ்எஸ் வந்தது, பிஎச்பி பக்கம் மட்டும் வரவில்லை. ஏனென்றால் பிஎச்பிக்கான லொகேஷனும் (எந்தப் பாதைக்கு என்ன செய்வது என்று சொல்லும் பகுதி) ஒரு ரெஜெக்ஸ், அதிலும் அடைப்புகள் இருந்தன. அந்த ரெஜெக்ஸ் பொருந்திய நொடியில் $1 என்பது நர்சரி பெயர் இல்லை, பிஎச்பி கோப்பின் பாதை. எண் வேரியபிள்கள் கடைசியாக எந்த ரெஜெக்ஸ் ஓடியதோ அதற்குச் சொந்தம். பெயர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு தற்காலிக லொகேஷன் போட்டு, ரிட்டர்ன் 200 என்று எழுதி அதன் உடலில் $கடையை மட்டும் திருப்பி அனுப்புங்கள். கட்டளை வரியிலிருந்து பக்கத்தைக் கேட்கும் கர்ல் கருவியில் ரிசால்வ் விருப்பத்தைக் கொடுத்து வெவ்வேறு பெயர்களில் தட்டிப் பார்த்தால் எந்தப் பெயருக்கு என்ன மதிப்பு விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும், டிஎன்எஸ் (தளப் பெயருக்கு எந்த சர்வர் என்று சொல்லும் இணையப் பதிவேடு) எதையும் தொட வேண்டியதில்லை.

மூன்று நட்சத்திரங்கள்

அடுத்து சான்றிதழ், அதாவது எச்டிடிபிஎஸ் இணைப்புக்குத் தளம் காட்ட வேண்டிய அத்தாட்சி. சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் 2018 மார்ச்சிலிருந்து நட்சத்திரச் சான்றிதழ் (எல்லா சப்டொமைனுக்கும் ஒன்றே) தருகிறது, டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி என்ற எழுத்துப் பதிவு போட்டு நிரூபிக்கும் வழியில் மட்டும். அது கையில் இருந்தது. டிஎன்எஸ்ஸிலும் நட்சத்திரப் பதிவு. ஆனால் சில நர்சரிக்காரர்கள் விசிட்டிங் கார்டிலும் பெயர்ப் பலகையிலும் முன்னால் மூன்று டபிள்யூ சேர்த்து அச்சடித்துவிட்டார்கள். அந்த முகவரியை அடித்தால் பிரௌசர் பயமுறுத்தும் பக்கம் ஒன்றைக் காட்டுகிறது.

டிஎன்எஸ் நட்சத்திரம் எத்தனை அடுக்கு பெயர் முன்னால் வந்தாலும் பதில் சொல்லும். என்ஜின்எக்ஸின் சர்வர்_நேம் நட்சத்திரமும் அப்படியே, பல அடுக்கைத் தாண்டும். சான்றிதழின் நட்சத்திரம் மட்டும் ஒரே ஒரு அடுக்குக்குத்தான். ஆகவே மூன்று டபிள்யூ சேர்த்த பெயர் டிஎன்எஸ்ஸில் கிடைக்கும், சர்வருக்கு வந்து சேரும், பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கக் கை குலுக்கும் இடத்தில் சான்றிதழ் செல்லாது என்று நின்றுவிடும். ரீடைரக்ட் போட்டு டபிள்யூவை எடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். எச்டிடிபிஎஸ்ஸில் வந்தால் ரீடைரக்டைச் சொல்வதற்கே முதலில் சான்றிதழ் செல்லுபடியாக வேண்டும்.

கார்டு அடித்தவர்களுக்கு மட்டும் தனிச் சான்றிதழ் எடுக்க முடிவு செய்தார்கள். பழக்கம் காரணமாக அதையும் டிஎக்ஸ்டி பதிவு போட்டே கையால் எடுத்தார்கள், வேலை முடிந்தபின் பதிவுகளை நீக்கவில்லை. மறுநாள் அந்த நர்சரிகள் மட்டும் இணையத்திலேயே இல்லை. சர்வர் லாகில் ஒன்றும் இல்லை, கோரிக்கை வந்தால்தானே லாக் எழுதும். டிஎன்எஸ்ஸைக் கேட்கும் டிக் கருவியில் கேட்டால் "பெயர் இல்லை" என்ற பதில் கூட வரவில்லை, பிழையில்லாத வெற்றுப் பதில் வந்தது.

நேரத்தைத் தின்னும் விவகாரம் இது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். நட்சத்திரப் பதிவு என்பது "இல்லாத பெயர்களுக்கு" மட்டும் பதில். ஒரு பெயருக்குக் கீழே, எத்தனை அடுக்கு தள்ளி வேண்டுமானாலும், ஏதாவது ஒரு பதிவு இருந்துவிட்டால் நடுவில் உள்ள பெயர்கள் எல்லாம் "இருப்பவை" ஆகிவிடும், அவற்றில் எந்தப் பதிவும் இல்லாவிட்டாலும். 2006இல் வந்த ஆர்எஃப்சி 4592 இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. நர்சரி பெயருக்குக் கீழே மூன்று டபிள்யூ, அதற்கும் கீழே சவால் பதிவு என்று ஒரு டிஎக்ஸ்டி போட்டதும், நர்சரியின் பெயர் இருப்பதாகக் கணக்காகி நட்சத்திரம் விலகிக்கொண்டது. அதற்கென்று முகவரிப் பதிவும் இல்லை. டிஎக்ஸ்டியை நீக்கியதும், கேஷ் நேரம் கழிந்து, தானாகத் திரும்பி வந்தன. அதன்பின் அந்தப் பெயர்களுக்கு எச்டிடிபி வழியில், அதாவது 80ஆம் போர்ட்டில் ஒரு கோப்பை வைத்து நிரூபிக்கும் முறையில், சான்றிதழ் எடுத்துக்கொண்டார்கள்.

விலை மாறி மாறி வந்தது

இரண்டு நாள் அமைதி. பிறகு மறுபடியும் போன், இந்த முறை விசித்திரமாக. பக்கம் சரி, படம் சரி, போன் நம்பர் சரி, விலைப்பட்டியல் மட்டும் சில நேரம் வேறு நர்சரியின் விலை. மல்கோவா கன்றுக்கு ஒருவர் வைத்த விலையில் இன்னொருவரிடம் வந்து நின்று பேரம் பேசியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் சரியாக இருக்கிறது. இப்படி வந்து வந்து போகிற பிழை என்றால் எனக்கு முதலில் கேஷ்மேல்தான் சந்தேகம்.

விலைப்பட்டியலைப் பைத்தான் நிரலிடமிருந்து வாங்கி என்ஜின்எக்ஸ் பத்து நிமிடம் கேஷ் செய்து வைத்திருந்தது. பழைய அமைப்பில் ஒவ்வொரு நர்சரிக்கும் தனி பிளாக், தனி கேஷ் பகுதி, அதனால் கலக்கவில்லை. இப்போது ஒரே பிளாக், ஒரே பகுதி. கேஷ் சாவியை (எந்தப் பிரதி எந்தக் கோரிக்கைக்கு என்று அடையாளம் காட்டும் எழுத்து) யாரும் எழுதவில்லை என்றால் என்ஜின்எக்ஸ் எடுத்துக்கொள்ளும் இயல்பான சாவி மூன்று துண்டு: ஸ்கீம் (எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது), $ப்ராக்ஸி_ஹோஸ்ட், கேட்ட பாதை. நடுவில் இருப்பது பார்வையாளர் அடித்த பெயர் இல்லை, ப்ராக்ஸி_பாஸ் வரியில் நாம் எழுதிய பின்புற முகவரி, அதாவது 127.0.0.1:8001. நாற்பது நர்சரிக்கும் அது ஒன்றே, விலைப்பட்டியலின் பாதையும் ஒன்றே. ஆகவே சாவியும் ஒன்றே. பத்து நிமிடக் கெடு முடிந்ததும் முதலில் யார் பக்கத்தைத் திறக்கிறார்களோ அவர்களுடைய விலைதான் அடுத்த பத்து நிமிடத்துக்கு மாவட்ட விலை.

பைத்தான் நிரலுக்கு ஹோஸ்ட் தலைப்பு சரியாகவே போய்க்கொண்டிருந்தது, அதைத் தம்பி சரிபார்த்தும் இருந்தார், அதனால்தான் அந்தப் பக்கம் சந்தேகம் வரவில்லை. பதிலில் $அப்ஸ்ட்ரீம்_கேஷ்_ஸ்டேட்டஸ் மதிப்பை ஒரு தலைப்பாகச் சேர்த்துப் பார்த்தோம். தவறான விலை வரும்போதெல்லாம் ஹிட் (கேஷிலிருந்து வந்தது), சரியான விலை வரும்போது பெரும்பாலும் மிஸ் அல்லது எக்ஸ்பயர்ட் (நிரலிடம் புதிதாக வாங்கியது). சாவியில் $கடையைச் சேர்த்ததோடு தீர்ந்தது. $ஹோஸ்டையும் சேர்க்கலாம், ஆனால் மூன்று டபிள்யூ சேர்த்த பெயருக்கும் சேர்க்காததற்கும் இரண்டு பிரதி எதற்கு.

என்னைக் கேட்டால் இந்த வேலையில் உண்மையான ஆபத்து இங்கேதான். இன்று கலந்தது கன்று விலை, அதனால் பேரத்தோடு போயிற்று. உள்நுழைவு உள்ள தளமாக இருந்தால் ஒருவருடைய கணக்குப் பக்கம் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும். பல பிளாக்குகளை ஒன்றாக்கும்போது, முன்பு "தனி பிளாக்" என்பதாலேயே பிரிந்திருந்தவை எவை என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். கேஷ், வேகக் கட்டுப்பாட்டுச் சாவி, லாக், பிஎச்பி செஷன் ஃபோல்டர் எல்லாமே அந்தப் பட்டியலில் வரும்.

வாட்ஸ்அப் பகிர்வு பட்டன் கதையும் இதே வகை. பகிர்ந்த இணைப்பில் ~^(?<கடை> என்று ரெஜெக்ஸே அப்படியே வந்து நின்றது. பிஎச்பிக்குப் போகும் வழக்கமான அமைப்புக் கோப்பில் சர்வர்_நேம் என்ற அளவுருவுக்கு $சர்வர்_நேம் மதிப்பைக் கொடுத்திருப்பார்கள், அந்த வேரியபிள் தருவது பார்வையாளர் அடித்த பெயரை இல்லை, கான்ஃபிகில் அந்த பிளாக்குக்கு முதலில் எழுதிய பெயரை. நாம் எழுதியது ரெஜெக்ஸ், அதனால் ரெஜெக்ஸ் வந்தது. இன்க்ளூட் வரிக்குக் கீழே அந்த அளவுருவை $ஹோஸ்ட் என்று மறுபடி எழுதினால் போதும்.

யார் வேண்டுமானாலும் கடை திறக்கலாமா

நட்சத்திர டிஎன்எஸ், எல்லாப் பெயரையும் ஏற்கும் ரெஜெக்ஸ், இரண்டும் சேர்ந்தால் இல்லாத பெயர்களும் உள்ளே வரும். பாட்கள் (தானாக ஓடி இணையத்தைத் துழாவும் நிரல்கள்) அட்மின், மெயில், டெஸ்ட், டெவ் என்று எதையெதையோ அடித்துப் பார்க்கும். ஃபோல்டர் இல்லாததால் 404 வரும், அதில் பெரிய ஆபத்து இல்லை. ஹோஸ்ட் பெயரில் சாய்கோடோ அடுத்தடுத்து இரண்டு புள்ளியோ வந்தால் என்ஜின்எக்ஸே அந்தக் கோரிக்கையை மறுத்துவிடும், அதனால் ஃபோல்டரைத் தாண்டி மேலே ஏற முடியாது. இருந்தாலும் வெளியாள் அடித்த எழுத்து நேராக ரூட் பாதைக்குள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு யாராவது அந்த ஃபோல்டருக்குள் "பேக்கப்" என்று ஒன்றைப் போட்டு வைப்பார்கள், அடுத்த நொடியே அது ஒரு இணையத்தளம்.

அதனால் நடுவில் ஒரு மேப். மண்டியில் பெயரைச் சொன்னதும் கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டிப் பக்கத்தைப் பார்ப்பாரே, அதுதான் மேப் செய்வது: $கடையின் மதிப்பு இடப் பக்கம், நாம் வைத்த ஃபோல்டர் பெயர் வலப் பக்கம், பட்டியலில் இல்லையென்றால் டீஃபால்ட்டாக வெற்று. ரூட் வரியில் $கடை இல்லை, மேப் தந்த $அடைவு. அது வெற்றாக இருந்தால் இஃப் போட்டு 404 திருப்பி அனுப்பு. இஃப் என்றாலே பயப்படுவார்கள், உள்ளே ரிட்டர்ன் மட்டும் இருந்தால் பயமில்லை. மேப் எச்டிடிபி மட்டத்தில்தான் எழுத வேண்டும், சர்வர் பிளாக்குக்குள் ஏற்காது. அதன் மதிப்பு யாராவது கேட்கும்போது மட்டும் கணக்கிடப்படும் என்பதால் பட்டியல் நீள்வதைப் பற்றிக் கவலை வேண்டாம். பட்டியலைத் தனிக் கோப்பில் வைத்து இன்க்ளூட் செய்தாயிற்று. புது நர்சரி என்றால் ஒரு வரி, சோதனை, ரீலோட்.

ஒருவர் சப்டொமைன் தமிழிலேயே வேண்டும் என்றார். அதற்கும் இதே பட்டியல் போதும். பிரௌசர் தமிழ்ப் பெயரைப் ப்யூனிகோடாக மாற்றி, எக்ஸ்என் என்ற இரண்டு எழுத்தும் இரண்டு நடுக்கோடும் முன்னால் வைத்து அனுப்பும், நம் ரெஜெக்ஸ் அதை ஏற்கும். மேப்பில் அந்த மாற்றிய வடிவத்தை இடப் பக்கம் எழுதினால் வேலை முடிந்தது. பட்டியலில் அது கண்ணுக்கு ஒன்றும் புரியாத எழுத்தாக இருக்கும், மேலே ஒரு குறிப்பு வரி போட்டு வையுங்கள்.

லாக் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே நின்றேன். நர்சரிக்கு ஒரு லாக் கோப்பு வேண்டும் என்று பாதையில் $கடையைப் போட்டிருந்தார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு வரிக்கும் கோப்பு திறந்து மூடப்படும், பஃபர் (வரிகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதுவது) வேலை செய்யாது, கோப்பை உருவாக்கும் உரிமை கோரிக்கைகளைக் கையாளும் ஒர்க்கர் பயனருக்கு இருக்க வேண்டும். இதைவிட முக்கியம், அந்தக் கோரிக்கையின் ரூட் ஃபோல்டர் இல்லாவிட்டால் லாக் எழுதப்படாது. அதாவது இல்லாத பெயரைத் தட்டிப் பார்க்கும் பாட்களை, எந்தக் கோரிக்கைகளைப் பார்க்க வேண்டுமோ அவற்றையே, லாக் விட்டுவிடும். பிழை லாகுக்கோ வேரியபிளே கிடையாது. ஒரே லாக், அதன் வடிவத்தில் முதல் புலமாக $ஹோஸ்ட், பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஆக் என்ற கருவி இருக்கிறது.

பில் போடும் மென்பொருளுக்காக ஒரு நர்சரிக்கு வேறு போர்ட் தேவைப்பட்டது. அதற்கும் இன்னொரு மேப், $கடையிலிருந்து போர்ட் எண். ப்ராக்ஸி_பாஸ் வரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதி வேரியபிள் போர்ட் சேர்த்ததும் 502 பிழை வந்தது. வரியில் வேரியபிள் வந்துவிட்டால் பெயரை ஓடும் நேரத்தில் கண்டுபிடிக்க ரிசால்வர் (டிஎன்எஸ்ஸில் தேடித் தருவது) வேண்டும், அது இயந்திரத்தின் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது. பெயருக்குப் பதில் 127.0.0.1 என்று எண்ணாகவே எழுதினால் தேடல் எதுவும் இல்லை.

அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி வேலை இல்லை. விஹோஸ்ட்_ஏலியாஸ் மாட்யூலில் விர்ச்சுவல்டாக்குமென்ட்ரூட் வரியில் %1 என்று போட்டால் ஹோஸ்ட் பெயரின் முதல் துண்டு அந்த இடத்தில் வரும். பட்டியலில் உள்ளவருக்கு மட்டும் அனுமதி என்ற கட்டுப்பாட்டைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு நர்சரி சொந்த டொமைன் வாங்கிவிட்டது. சான்றிதழ் வரியிலும் 1.15.9 பதிப்பிலிருந்து வேரியபிள் போடலாம், தம்பிக்கு அதையும் செய்து பார்க்க ஆசை. ஆனால் அப்படிப் போட்டால் ஒவ்வொரு கை குலுக்கலுக்கும் சான்றிதழ் கோப்பு வாசிக்கப்படும், ரகசியச் சாவியை ஒர்க்கர் பயனரே வாசிக்க உரிமை கொடுக்க வேண்டும், ஒரே ஒருவருக்காக அதைத் திறந்து வைப்பது தேவையில்லை. அவருக்கு மட்டும் முழுப் பெயரோடு தனி சர்வர் பிளாக் எழுதினோம். டீஃபால்ட் சர்வர் என்று வெளிப்படையாகக் குறித்து, 444 திருப்பும் வெற்று பிளாக் ஒன்றையும் கூடவே வைத்தாயிற்று. அந்த எண்ணைக் கண்டால் என்ஜின்எக்ஸ் பதிலே சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிடும்.